பன்னிரண்டு வோல்ட் தானே என்பவர்களுக்கு

"பன்னண்டு வோல்ட்டு தாண்ணா. என்னா ஆயிடப் போவுது?"

பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் வழியில், வீட்டு வாசலில் நின்றிருந்த பழைய காரின் டிக்கிக்குள் தலையை விட்டபடி ஒரு தம்பி என்னிடம் சொன்னது இது. ஏரியில் அன்று அவனுக்குப் பாடு, அதாவது மீன் பிடிக்கும் முறை, இல்லை. முறை வராத நாளில் வலையைப் பிரித்துப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். அவன் வண்டியைப் பிரித்திருந்தான். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் சப் ஊஃபர் பெட்டி. பேட்டரியிலிருந்து டிக்கி வரை வீட்டுச் சுவரில் போடுகிற வகைச் சிவப்பு ஒயர். இரண்டு மாதமாகப் பாட்டு நன்றாகத்தான் பாடியதாம். இப்போது பேஸ் அடித்தால் ஆம்ப் அணைந்து அணைந்து எரிகிறது.

மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒயரின் மேலுறை இளகி, மிதியடியின் சொரசொரப்பு அப்படியே அதில் பதிந்திருந்தது. என்ஜின் பக்கத் தகட்டுத் துளை வழியாக உள்ளே வரும் இடத்தில் ரப்பர் இல்லை. தகட்டின் விளிம்பு உறையை அறுத்து, உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது. இன்னும் ஒரு மயிரிழை அறுந்திருந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் நேராக வண்டி உடம்பைத் தொட்டிருக்கும். நடுவில் ஃப்யூஸ் கிடையாது.

அவனிடம் கேட்டேன்: "நங்கூரக் கயிறு எத்தனை எம்எம் தம்பி?" கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. எந்தப் படகுக்கு எது, எந்தக் கயிறு உப்பில் எத்தனை நாள் தாங்கும் என்பது வரை சொன்னான். "இந்த ஒயர் எத்தனை எம்எம்?" சற்று யோசித்துச் சொன்னான்: "செவப்பு ஒயர்ண்ணா."

கயிற்றின் கனம் தெரிந்த கைக்கு ஒயரின் கனம் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், 'பன்னிரண்டு வோல்ட் தானே' என்ற அந்தச் சொல். ஆம்ப் மாட்டுகிறவர், கூடுதல் விளக்கு போடுகிறவர், ஹாரன் மாற்றுகிறவர் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லின் அடியில் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க விரும்புகிறேன்.

1. "ஷாக் அடிக்காது, அதனால் ஆபத்து இல்லை"

முதல் பாதி உண்மை. உலர்ந்த தோலின் வழியே 12 வோல்ட்டால் உறைக்கிற அளவுக்கு மின்சாரத்தைத் தள்ள முடியாது. பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஷாக் என்பது வோல்ட்டைப் பொறுத்த விஷயம். தீ என்பது ஆம்பியரைப் பொறுத்தது.

வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கிறது. காரில் 500 வாட் உண்மையாகவே தரும் ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். 80 சதவீதத் திறன் கொண்ட கிளாஸ் டி வகையாக இருந்தாலும், அது உச்சத்தில் பாடும்போது 625 வாட் உள்ளே போக வேண்டும். ஓடும் வண்டியின் 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். பாதி வேலை செய்யும் கருவிக்குப் பத்து மடங்கு ஆம்பியர். வோல்ட் குறைந்த இடத்தில் ஆம்பியர் ஏறும். ஒயரைச் சுடவைப்பது ஆம்பியர்தான். அதுவும் ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

மோதிரம் போட்ட கையால் பாசிட்டிவ் முனையில் ஸ்பேனரைத் திருப்பும்போது, அந்த மோதிரமோ ஸ்பேனரோ வண்டித் தகட்டைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம் நொடியில் பழுத்துச் சதையைப் பொசுக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு கசிகிறது. காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே பொறி பட்டுப் பற்றும். அதனால்தான் வேலை தொடங்குமுன் முதலில் நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும், முடித்தபின் அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். நெகட்டிவ் கழன்றிருந்தால் ஸ்பேனர் வண்டித் தகட்டில் எங்கே பட்டாலும் பொறி பறக்காது.

2. "எந்த ஒயரானாலும் கரண்ட் போகும்"

போகும். எப்படிப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 ஸ்க்வேர் எம்எம் செம்பு ஒயரை, பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் இழுத்தால், 45 ஆம்பியரில் அது ஒன்றரை வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடும். ஒயரில் பிறக்கும் சூடு 70 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றை மிதியடிக்கு அடியில் எரியவிட்டதற்குச் சமம். அதே வேலைக்கு 21 ஸ்க்வேர் எம்எம் ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு, சூடு 8 வாட் சொச்சம்.

பாட்டு எந்நேரமும் உச்சத்தில் ஓடுவதில்லையே என்று கேட்கலாம். சரிதான், சராசரி இழுப்பு இதைவிடக் குறைவு. அதனால்தான் அந்தத் தம்பியின் ஒயர் எரியாமல் இளகியதோடு நின்றது. ஆனால் பேஸ் விழும் ஒவ்வொரு முறையும் வோல்ட் சரிந்து ஆம்ப் அணைந்ததற்குக் காரணம் அந்த மெல்லிய ஒயர்தான். அவன் ஆம்ப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். ஆம்ப் ஒரு தப்பும் செய்யவில்லை.

விலை மலிவாகக் கிடைக்கும் கிட் ஒயர்களில் பல, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. பார்க்கத் தடியாக இருக்கும். ஆனால் அதே கனத்துச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை கொண்டவை. வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். உப்புக்காற்றில் அது செம்பைவிட வேகமாகப் பொடியும்.

3. "ஆம்ப்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே"

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். ஆம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃப்யூஸ் ஆம்ப்பைக் காக்கிறது. பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே கிடக்கும் 5 மீட்டர் ஒயரைக் காப்பது யார்?

அந்த ஒயர் வழியில் எங்காவது தகட்டைத் தொட்டால், மின்சாரம் ஆம்ப் வரை போகவே போகாது. பாதி வழியிலேயே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஆம்ப்பில் உள்ள ஃப்யூஸுக்கு நடந்தது தெரியவே தெரியாது. நல்ல பேட்டரியிலிருந்து அப்போது 300 ஆம்பியர் வரை பாயலாம். அந்த வீட்டு ஒயரில் மட்டும் 2,500 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். குளியலறை ஹீட்டர் 2,000 வாட். அந்த ஹீட்டரைப் பஞ்சு, ரெக்சின், மிதியடி எல்லாவற்றுக்கும் நடுவே போட்டு, நிறுத்துவதற்கு சுவிட்சும் வைக்காமல் விட்டது போல.

ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதன் அளவு, ஆம்ப் இழுப்பதற்குச் சற்று மேலேயும் ஒயர் தாங்குவதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். ஒயர் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் போட வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு வேளை இறால் சாப்பாட்டுக் காசு.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று வெள்ளிக்காகிதம் சுற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்யூஸ் போவது கோளாறு அல்ல; எங்கோ கோளாறு இருக்கிறது என்று அது சொல்லும் சேதி. சேதி கொண்டுவந்தவனின் வாயை அடைத்தால் கோளாறு அப்படியே இருக்கும்.

4. "எர்த் எங்கே கொடுத்தாலும் எர்த் தான்"

பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ இதைச் சொன்னால் ஓரளவு தப்பிக்கலாம். பழவேற்காட்டில் முடியாது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் ஏரி. ஆரணி ஆற்றுத் தண்ணீர் வரும் மழைக்காலத்தில் ஏரியில் உப்பு இறங்கும். கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் கடலையும் மிஞ்சி ஏறும். அந்தக் காற்று வண்டியின் ஒவ்வொரு போல்ட்டிலும் படிகிறது. மீன் ஏற்றும் வண்டியானால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் டிக்கித் தகட்டிலேயே தேங்குகிறது. எர்த் கொடுப்பதும் அதே தகட்டில்தான்.

மின்சாரம் பாசிட்டிவ்வில் போன அளவுக்கு எர்த்தில் திரும்பி வந்தாக வேண்டும். பெயிண்ட் மேலேயே ஒயர் முனையில் மாட்டும் திம்பிளை வைத்து முடுக்கினால், போல்ட்டின் மரை வழியாக மட்டும் தொடர்பு கிடைக்கும். துரு ஏறி அந்த இடத்தில் 0.05 ஓம் தடை வந்தால் போதும்: 45 ஆம்பியரில் 2 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும், 100 வாட் சூடு அந்த ஒரு போல்ட்டில் குவியும். என்ஜினை முடுக்க முடுக்க ஸ்பீக்கரில் 'ஊய்ங்' என்று ஏறும் இரைச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் எர்த் கோளாறுதான்.

செய்ய வேண்டியது கடினமில்லை. ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே, பாசிட்டிவ் ஒயருக்கு இணையான கனத்தில், குட்டையான எர்த் ஒயர். தகட்டில் பெயிண்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். திம்பிளை நன்றாக அழுத்திப் பிடித்து, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டையும் பெட்ரோல் டேங்க் போல்ட்டையும் தொடக்கூடாது. கடலுக்குப் போகும் ஃபைபர் படகில் பேட்டரி முனைக்குத் தவறாமல் கிரீஸ் தடவுகிற அதே கை, கரைக்கு வந்ததும் வண்டிக்கு மறந்துவிடுகிறது. உப்பு கரையேறாது என்று யார் சொன்னது?

5. "பெட்டியிலேயே 4,000 வாட் போட்டிருக்கிறதே"

அட்டைப் பெட்டியில் அச்சடிக்கக் காசு ஆகாது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஆம்ப்பைத் திருப்பி அதன் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றிருந்தால், 13.8-ஆல் பெருக்குங்கள்: 414 வாட். உள்ளே போகிறதே அவ்வளவுதான். உள்ளே போவதைவிட அதிகமாக எந்தக் கருவியும் வெளியே தொடர்ந்து தராது. சூடாகப் போவதைக் கழித்தால் மிச்சம் 250-லிருந்து 330 வாட். தொடர்ந்து தரக்கூடிய அளவை ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பார்கள். ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் பொருத்திப் பார்க்க, வாட் எண்களில் அது ஒன்றுதான் உதவும்.

வாட் போதவில்லையென்றால் கெபாசிட்டர் போடச் சொல்வார்கள். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் 13.8 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்வரை தரும் ஆற்றல் 23 ஜூல். 500 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. மெல்லிய ஒயருக்கும் கெட்ட எர்த்துக்கும் கெபாசிட்டர் மருந்தாகாது. வண்டியில் மின்சாரம் உண்டாக்குவது ஆல்டர்னேட்டர். சின்ன கார்களில் அது பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர் தரும். ஹெட்லைட், ஏசி ஃபேன், வைப்பர் எல்லாம் அதிலிருந்தே பங்கு கேட்கின்றன. அந்த வரவுக்குள் செலவு செய்யத் தெரிந்தவருக்குக் கெபாசிட்டர் தேவைப்படாது.

6. "இவ்வளவு தொல்லை என்றால், நாமே செய்யவே கூடாது"

இதுவரை சொன்னதைக் கேட்டு இந்த முடிவுக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களையும் மறுக்கிறேன். வலையைத் தானே பொத்துகிறவர், என்ஜினைத் தானே பிரிக்கிறவர், வண்டி ஒயரை மட்டும் தொடக்கூடாது என்பது நியாயமில்லை. மேலே சொன்னவற்றில் ஒரு மெக்கானிக்கால் மட்டுமே முடியும் என்று எதுவுமில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும், நல்ல திம்பிள் அழுத்தி ஒன்று இருந்தால் போதும். காசு கொடுத்து வெளியே செய்த வேலையிலும் ஃப்யூஸ் இல்லாத ஒயரை நான் பார்த்திருக்கிறேன். தானே செய்பவர் தன் பிள்ளைகள் ஏறும் வண்டி என்று நினைத்துச் செய்வார்.

எல்லை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொட வேண்டாம். 55 வாட் ஹெட்லைட்டை எடுத்துவிட்டு 100 வாட் போட்டால், ஒயரிலும் சுவிட்சிலும் ஓடும் மின்சாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எதிரே வருபவருக்குக் கண்ணும் தெரியாது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இடம் தரவில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்ற தண்டனை சேர்ந்தது. பாட்டுப் பெட்டி வைப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. ஆனால் விடியற்காலை கடலுக்குப் போகிறவர் தூங்கும் குப்பத்தில், இரவு பத்து மணிக்கு மேல் டிக்கியைத் திறந்துவைத்துப் பாடவிடுவதற்கு சட்டம் வந்துதான் தடை சொல்ல வேண்டுமா?

அன்று சாயங்காலம் நானும் அந்தத் தம்பியும் சிவப்பு ஒயரை உருவி எறிந்தோம். தடித்த செம்பு ஒயர், பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ், துளைக்கு ரப்பர், சுரண்டிய தகட்டில் எர்த். எல்லாம் முடிந்து அவனுக்குப் பிடித்த பாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டோம். பிறகு மிதியடியைத் தூக்கி, ஒயர் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சில்லுனு கீதுண்ணா."

பன்னிரண்டு வோல்ட் கையை ஒன்றும் செய்யாது என்கிறீர்களே, அது உண்மைதான். அந்தத் தைரியத்தோடு இன்றைக்கே உங்கள் வண்டியின் மிதியடியைத் தூக்குங்கள். பாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஒயரின் உறைமேலும் எர்த் போல்ட்டின் மேலும் ஃப்யூஸ் கூட்டின் மேலும் கையை வைத்துப் பாருங்கள். எங்கே சுடுகிறதோ அங்கே வேலை பாக்கி இருக்கிறது.