நடைபாதையில் உறங்கியவரின் கால் என்ன விலை?

2006 நவம்பர் 12, விடியற்காலை. மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள்மீது ஒரு கார் ஏறியது. 7 பேர் செத்தார்கள். 8 பேர் காயம்பட்டார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். விசாரணை நீதிமன்றம் அவருக்குக் கொடுத்தது 6 மாதச் சிறை. உயர்நீதிமன்றம் அதை 3 ஆண்டாக்கியது. 2012-ல் உச்சநீதிமன்றம், இது குறைவான தண்டனைதான் என்று சொல்லிக்கொண்டே அதை உறுதிசெய்தது. கூட்டித் தரும்படி அரசு மேல்முறையீடு செய்யவில்லையாம்! செத்தவர்கள் கூலிகளாக இல்லாமல் காரின் சொந்தக்காரர்களாக இருந்திருந்தால், அரசு செய்திருக்காதா?

தண்டனையாவது செய்தியாகிறது. இழப்பீட்டுக் கணக்கை யாரும் பேசுவதில்லை. மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவரின் வருமானத்தை வைத்துத்தான் தொகையைக் கணக்கிடுகிறது. கணினிப் பொறியாளர் இழந்த காலும், சாலையைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் இழந்த காலும் ஒரே கால்தான். ஆனால் அவருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, இவருக்கு இல்லை. இவர் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. வேலை கூலியைத் தீர்மானித்தது. இப்போது கூலி காலின் விலையைத் தீர்மானிக்கிறது. இடித்துவிட்டு ஓடியவர் யாரென்றே தெரியாவிட்டால், உயிருக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம், அவ்வளவுதான்.

அதற்காக ஓட்டுநர்கள் எல்லோரையும் பிடித்து உள்ளே போடு என்று நான் சொல்லவில்லை. 10 ஆண்டுச் சிறைப் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பலர் திட்டினார்கள். என்னால் முடியவில்லை. நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு இரவு கண்விழித்து ஓட்டவைத்த முதலாளியை எந்தக் காவல் நிலையம் விசாரிக்கிறது? அதே ஆண்டு மே மாதம், புனேயில் போர்ஷ் கார் மோதி இருவர் செத்தனர். ஓட்டிய சிறுவனுக்கு முதலில் கிடைத்தது பிணையும், 300 சொற்களில் கட்டுரை எழுதும் நிபந்தனையும். வீட்டு ஓட்டுநரைக் குற்றத்தை ஏற்கும்படி மிரட்டியதாகக் குடும்பத்தார்மீது தனி வழக்கே பதிவானது. பழியைச் சுமக்கக்கூட கீழே ஓர் ஆள் வேண்டும், பாருங்கள்.

தோழர்களே, உங்கள் தெருவில் ஒருவர் அடிபட்டால், கையில் பத்தாயிரத்தைத் திணித்துப் பேசி முடிக்க வருவார்கள். விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலும் காயச் சான்றும் வாங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லையா? கூட வேலை செய்தவரைச் சாட்சி சொல்ல அழைத்துப் போங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் என்றால் வருமான வரம்பே இல்லாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். அலுவலகம் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.