பரிமாறுகிறவரின் முகம்



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜனக்புரியிலுள்ள தென்னிந்திய உணவகங்களுக்குக் குடும்பமாய்ச் செல்வது நம்மில் அநேகருடைய வழக்கம். ஊரை விட்டு வந்த நமக்குச் சாம்பாரின் மணமே ஓர் ஆறுதல். கையில் வேதாகமத்தோடு வருகிற நம்மை அங்கு வேலை செய்கிறவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் அப்படிப்பட்ட ஓர் உணவகத்தில், தோசை தாமதமானதற்காகப் பரிமாறிய வாலிபனை, "சோட்டூ" என்று கூப்பிட்டு எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டேன். புறப்படும்போது மேசையின்மேல் ஒரு கைப்பிரதியை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். வீடு திரும்பும் வழியில் என் மகள், "அப்பா, அந்த அண்ணன் பெயர் என்ன?" என்று கேட்டாள். இரண்டு வருடமாய் அவர் கையால் சாப்பிட்ட எனக்குப் பதில் தெரியவில்லை. என் இருதயம் குத்தப்பட்டது.

ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தில் வருகிற பானபாத்திரக்காரனும் சுயம்பாகியும் அரமனையின் உணவுப் பணியாளர்களே. அநியாயமாய்ச் சிறைப்பட்டிருந்த யோசேப்பு, தன் துக்கத்தில் மூழ்கியிராமல், காலையில் அவர்களுடைய முகம் வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டான். தனக்காக வேண்டிக்கொண்டது அதற்குப் பின்புதான். அந்த ஒரு விசாரிப்பே இரண்டு வருடங்களுக்குப்பின் பார்வோனின் சமுகத்திற்கு வழியாயிற்று.

மேசை துடைக்கிறவர்களும் நம்மைப்போல வீட்டை விட்டு வந்தவர்களே. 1986-ல் டெல்லி டிஃபென்ஸ் காலனியில் 'சாகர்' உணவகத்தைத் தொடங்கிய ஜெயராம் பனான், சிறுவயதில் கர்நாடகத்திலுள்ள வீட்டை விட்டுச் சென்று, மும்பைப் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவியவர்.

ஆகவே பிரியமானவர்களே, பரிமாறுகிறவரின் பெயரைக் கேட்டறியுங்கள். கூட்டமாய்ச் செல்வதானால் மேலாளருக்கு முன்னதாகவே தொலைபேசியில் தெரிவியுங்கள். சாப்பிட்டு முடித்தபின் காத்திருப்போருக்கு இடம் விடுங்கள். குறை இருந்தால் மேலாளரிடம் தனியாய், சாந்தமாய்ச் சொல்லுங்கள். நிறைவு இருந்தால் பரிமாறியவரின் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மேலாளரின் காதில் பெரும்பாலும் குறைகளே விழுகின்றன.

சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாய்ப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிப்படுத்தியது. அதை நீக்கும்படி கேட்பது நம் உரிமை. ஆனால் நமக்காக நின்று உழைத்தவருக்கு நம் கையால் மனதாரக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. கைப்பிரதி அதற்கு ஈடாகாது.

அடுத்த ஞாயிறு அந்த வாலிபரிடம் பெயரைக் கேட்டேன், மன்னிப்பும் கேட்டேன். சில வாரங்கள் சென்றபின், கடுவால் மலைக் கிராமத்தில் சுகவீனமாயிருக்கும் தம் தாயைக் குறித்து அவராகவே சொன்னார். அன்று முதல் எங்கள் குடும்ப ஜெபத்தில் அந்தத் தாயும் இருக்கிறார். கைப்பிரதியை வாசித்தாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை. முதலில் அவர் என்னை வாசிக்கட்டும்.

கர்த்தர் தாமே நம் பந்திகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.