மெய்க்கீர்த்திக்குப் பின்னால் வரும் வரிகள்

ஐப்பசிச் சதயம் நெருங்கினால் போதும், ராஜராஜ சோழன் தங்கள் குலத்தவன் என்று ஆளுக்கொரு சாதிச் சங்கம் சுவரொட்டி அடிக்கத் தொடங்கிவிடும். படத்தில் அதே முறுக்கிய மீசை, அதே உருவிய வாள். அடியிலுள்ள சங்கத்தின் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் படித்தவர்கள் இணையத்தில் செய்வது என்ன? கடாரம், கங்கை, ஈழம் என்று வென்ற நாடுகளை வரிசைப்படுத்தி மெய்சிலிர்க்கிறார்கள். ஆதாரம் கேட்டால் கல்வெட்டு என்பார்கள். இரு தரப்பாரிடமும் எனக்குள்ள கேள்வி ஒன்றுதான். ஐயா, அந்தக் கல்வெட்டைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தீர்களா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. ராஜராஜன் காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் பலவும் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகின்றன. மன்னன் வென்ற நாடுகள், கவர்ந்த யானைகள், கொய்த தலைகள் எல்லாம் அதில் வரும். பிறகு ஆட்சியாண்டு. அதற்கும் பிறகுதான் அந்தக் கல்லை வெட்டியதற்கான காரியம் ஆரம்பிக்கிறது: எந்த ஊர், எந்த நிலம், யார் விற்றார், யார் வாங்கினார், எல்லை எது, எந்த வாய்க்கால் பாயும், வரி யார் தலையில். மெய்க்கீர்த்தி அன்றைய முகப்பு வாசகம். இன்றைய பத்திரத்தாளின் மேலிருக்கும் அரசு முத்திரையைப் போன்றது. முத்திரையை மட்டும் கத்தரித்துச் சட்டமிட்டு மாட்டிவிட்டுப் பத்திரத்தைத் தூக்கி எறிபவரை நாம் என்னவென்று சொல்வோம்?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் மேற்கே போனால் மணிமங்கலம். கல்கியின் சிவகாமியின் சபதத்தை வாசித்தவர்களுக்குப் பெயர் பழக்கமானது. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மன் முறியடித்த களங்களுள் ஒன்று இது. இந்தச் செய்தியைத் தருவது காஞ்சிபுரத்தருகே கிடைத்த கூரம் செப்பேடு. தோற்று ஓடிய புலிகேசியின் முதுகைப் பட்டயமாகக் கொண்டு அதில் வெற்றி என்னும் சொல்லைப் பொறித்தான் என்று நரசிம்மனை அது புகழ்கிறது. எத்தனை மேடைகளில் இந்த முதுகைக் கேட்டிருக்கிறேன்! அதே செப்பேட்டின் பிற்பகுதியை ஒருவரும் மேடையேற்றியதில்லை. புகழ்மொழிகள் வடமொழியில் முடிந்தபின் காரியம் தமிழில் தொடங்குகிறது. பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்னும் கால்வாய், கூரத்தில் எடுத்த ஏரி, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொடுப்பவருக்கான பங்கு, பாரதம் வாசிப்பவருக்கான பங்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. நம் மொழியில் எழுதிய பகுதியை விட்டுவிட்டு மற்றப் பகுதியைக் கொண்டு தமிழ்ப் பெருமை பேசுகிறோம். விநோதம்தான்.

மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். முதலாம் ராஜேந்திரனின் மக்கள் மூவர், முதலாம் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன், அடுத்தடுத்து அரியணை ஏறிய மூவருக்கும் அங்கே கல்வெட்டு இருக்கிறது. ஹுல்ட்ஷ் இவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். கொப்பத்துப் போரும் கூடல்சங்கமத்துப் போரும் நம் பாடநூல்களுக்கு வந்து சேர்ந்த வழிகளில் இந்தச் சுவரும் ஒன்று. கொப்பத்தில் அண்ணன் யானைமேல் மாள, களத்திலேயே முடிசூடிக்கொண்டவன் தம்பி ராஜேந்திரன். கதை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் துங்கபத்திரைக் கரைச் சண்டை, செங்காட்டுக் கோட்டத்து மாகணூர் நாட்டின் ஒரு சிற்றூர்ச் சுவரில் ஏன் ஏறியது? அவ்வூரில் ஒரு நிலம் கைமாறியது, அதனால் ஏறியது. நிலமில்லாவிட்டால் கல் இல்லை. கல் இல்லாவிட்டால் உங்கள் கொப்பமும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மன்னர்கள் இவ்வூருக்கும் தங்கள் பெயர்களைச் சூட்டிப் பார்த்தார்கள். லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்றார்கள். ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றார்கள். பாண்டியனை இருமுறை புறங்கண்ட சோழனின் பெயரால் மூச்சு வாங்கும் நீளத்தில் ஒன்றும் வைத்தார்கள். இன்று ஊர் மணிமங்கலம். பேருந்து நடத்துநர் வாயில் நின்றது அதுதான்.

மன்னனின் பெயர் மட்டுமே உள்ள கல்லும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. பல்லாவரம் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் தன் பட்டங்களை வரிசையாகப் பொறித்தான். மகேந்திரவிக்கிரமன், மத்தவிலாசன், விசித்திரசித்தன் என்று அது போகும். (அந்தக் குடைவரை இன்று இசுலாமியர் வழிபடும் இடம். அங்கே வேண்டுதலோடு ஏறிச்செல்லும் எளிய மனிதர்களிடம் எனக்கு வழக்கேதும் இல்லை. அதை வைத்து வழக்கு வளர்க்க விரும்புவோர் இந்தக் கட்டுரையைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.) பட்டங்களை அடுக்கும் கல்லைப் பட்டங்களாகவே வாசிக்கலாம், தவறில்லை. மற்ற கல்வெட்டுகளையும் நாம் பல்லாவரமாக்கிவிட்டோம் என்பதே என் புகார்.

மெய்க்கீர்த்தி இல்லாமல் சோழர் காலவரிசை ஏது, நீலகண்ட சாஸ்திரியின் நூல் ஏது என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் அடுத்த தலைமுறை அங்கேயே நின்றுவிடவில்லை. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் பிற்பகுதிகளை ஆயிரக்கணக்கில் வாசித்து, நிலவுரிமையும் வரியும் காலந்தோறும் எப்படி மாறின என்று காட்டினார்கள். அந்த உழைப்பில் நூறில் ஒரு பங்காவது நம் வரலாற்று ஆர்வலர்களை எட்டியிருக்கிறதா?

எட்டாததற்குச் சோம்பல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பிற்பகுதி சங்கடமானது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டு, கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களில் வரியிலிருந்து நீக்கிய நிலங்களைக் கணக்கிடுகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆம், தீண்டாச்சேரி. அந்தச் சொல் கல்லிலேயே இருக்கிறது. மாமன்னன் எங்கள் சாதி என்று சுவரொட்டி ஒட்டுகிறவர் அந்த வரியின் எந்தப் பக்கம் நிற்பார்? உத்திரமேரூரின் குடவோலையை உலகின் முதல் மக்களாட்சி என்று கூவுகிறவர்கள், உறுப்பினராக வரிகட்டும் நிலம் கால் வேலியும் வேதக்கல்வியும் வேண்டும் என்ற வரிகளைத் தாண்டிக் குதிக்கிறார்கள். அதே கல்லில் ஏரி வாரியம் என்றொரு குழு இருப்பதையும் சேர்த்தே குதிக்கிறார்கள்.

ஏரி என்றதும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. நான் குடியிருப்பது முடிச்சூரில். 2015 டிசம்பரில் எங்கள் தெருவுக்குப் படகு வந்தது. என் புத்தக அலமாரியின் கீழ் மூன்று தட்டுகள் நீருக்குள் போயின. போனவற்றில் சோழர் வரலாறும் இருந்தது. எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத் திட்டினார்கள். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே, எங்களுக்குக் கீழே. எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் பக்கத்து நீர். வரதராஜபுரத்துக்கும் அதுவே. வழக்கமான வழியில்தான் அது வந்தது. அந்த வழியில் நாங்கள் வீடு கட்டியிருந்தோம்.

பழைய நிலக்கொடை ஆவணங்களில் அடிக்கடி வரும் ஒரு தொடர் உண்டு. மீன் கிடக்கும் பள்ளம், தேன் கட்டும் பொதும்பு, உடும்பு ஓடி ஆமை தவழும் நிலம் என்று எதையும் விடாமல் சொல்லிக்கொண்டே போகும். இன்ன வாய்க்காலைப் பிறர் குறுக்கே வெட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, கூடையிட்டு இறைக்கக்கூடாது என்று செப்பேடுகள் தடையும் விதிக்கும். ஆமை தவழும் நிலம் எது என்று தெரிந்தவர்கள் எழுதியது. நான் மனை வாங்கியபோது என் கையில் கொடுத்த பத்திரத்தில் நான்கெல்லை இருந்தது. நான்கும் மனை எண்கள். வாய்க்கால் என்ற சொல்லே அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. கொப்பத்துப் போரைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, பன்னிரண்டு ஆண்டுகளாக என் வீட்டுக்கு மேற்கே நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. ஆகவே இந்த வசையில் முதல் பங்கு எனக்கே.

போன மாதம் மணிமங்கலம் போய்த் திரும்பும்போது சாலையோரத்தில் புதிய மனைப்பிரிவுக்கு வளைவு கட்டியிருந்தார்கள். பெயர் ஒரு சோழ மன்னனுடையது. உச்சியில் சிமெண்டில் புலி. இறங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். நட்டிருந்த மனைக்கற்களுக்கு நடுவே கோரைப்புல் முழங்கால் உயரம் நின்றது.