வீடும் வெளியும்: ஒரு வாளி போதாது



ஒரு நாளைக்கு உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் குப்பையில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மரக்கறித் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை, மீன் செதில், பால்மா பைக்கற், யோகட் கோப்பை, உடைந்த போத்தல். எல்லாம் ஒரே உரப்பையில்தான் போகின்றன. இவற்றில் பாதிக்கு மேல் உக்கி மண்ணாகக் கூடியவை. மற்றவற்றில் பலவற்றுக்குக் காசு உண்டு. ஆனால் ஒன்றாகக் கலந்துவிட்டால் எதற்கும் பயனில்லை. நனைந்த கடதாசியை எவரும் வாங்கமாட்டார்கள். பொலித்தீன் கலந்த பசளையை எந்தத் தோட்டக்காரரும் ஏற்கமாட்டார்.

கலந்து கொட்டியதன் விலையை எங்கள் நாடு கண்ணால் கண்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையடியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களே புதையுண்டன. ஊரெல்லாம் கொட்டிய குப்பை, போக்கிடமற்றவர்களின் தலையில் விழுந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீற், மெல்லிய பொலித்தீன் பை, ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றுக்குத் தடை வந்தது. பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடைசெய்யப்பட்டது.

நிறம் நிறமான குப்பைத் தொட்டிகளைப் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் கண்டிருப்பீர்கள். பச்சை உக்குபவைக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்ரிக், பொலித்தீனுக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. பல உள்ளூராட்சி சபைகள் வீடுகளுக்குக் கூட்டெருப் பீப்பாவும் கொடுத்து வருகின்றன. சில வீடுகளில் அது பசளை தருகிறது. சில வீடுகளில் தண்ணீர் நிரப்பும் பீப்பாவாகிவிட்டது. ஏன் இந்த வேறுபாடு?

கேரளத்தின் ஆலப்புழை நகரம் இதற்கு விடை சொல்கிறது. அதுவும் எங்கள் தீவைப் போலக் கடலோர மணல் நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். நகரத்துக் குப்பை பக்கத்துக் கிராமமான சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டது. 2012இல் அக்கிராம மக்கள் வண்டிகளை மறித்துவிட்டார்கள். வேறு வழியின்றி, வீட்டுக் குப்பையை வீட்டிலேயே முடிக்கும் திட்டத்தை நகரசபை தொடங்கியது. மானிய விலையில் குழாய்க் கூட்டெரு, சாணவாயுக் கலன் போன்ற சாதனங்கள் வழங்கப்பட்டன. குழாய்க் கூட்டெரு என்பது நிலத்தில் நட்ட இரண்டு அகன்ற குழாய்கள்தான். ஒன்று நிறைந்ததும் மூடி உக்க விட்டு, மற்றதை நிரப்ப வேண்டும். பாத்திரத்தைக் கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வீடு வீடாகச் சென்று பழக்கினார்கள். 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நன்றாகக் கையாளும் உலகின் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

ஆகவே உங்கள் ஊரில் தொட்டி கொடுக்க வந்தால் நன்றி சொல்லுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிரித்து வைத்ததை உழவு இயந்திரம் பிரித்தே ஏற்றுமா? எந்த நாளில் எதை எடுக்கும்? தொட்டி உடைந்தால் யார் திருத்துவது? நாங்கள் பிரித்ததை அவர்கள் மறுபடி ஒன்றாகக் கொட்டினால், எங்கள் உழைப்புத்தான் வீண்.

தொட்டி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பழைய பீப்பா ஒன்றின் அடியிலும் பக்கங்களிலும் துளையிடுங்கள். அடியில் தென்னந்தும்பு பரப்புங்கள். ஒரு பங்கு சமையற் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, நறுக்கிய பனையோலை, சிறிது மண் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். வாரம் ஒரு முறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது. காய்ந்த இலை சேருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்ணின் மணம் வரும். அப்போது பசளை தயார். நீர் நில்லாத எங்கள் மணலுக்கு ஈரம் பிடித்து வைப்பது இதுவே. மீன் குடல், முள், எலும்பு என்பவற்றைப் பீப்பாவில் போடாமல், கிணற்றுக்குத் தூரமாக ஆழப் புதையுங்கள். மூடியின் மேல் கல் வையுங்கள். மன்னார்க் கழுதைகள் சும்மா விடமாட்டா! பொலித்தீன் தின்று அந்த வாயில்லாச் சீவன்கள் படும் பாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். யோகட் கோப்பையையும் சிரட்டையையும் முற்றத்தில் விட்டால் மழைத் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் நிலம் போர் நடந்த நிலம். பழைய இரும்பு சேர்த்து விற்கும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: இன்னதென்று தெரியாத உலோகப் பொருளைத் தொடவும் கூடாது, தட்டிப் பார்க்கவும் கூடாது. தள்ளி நின்று, 119க்கு அழைத்துப் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். புதிதாகத் துப்புரவாக்கும் காணியில் குப்பைக்குத் தீ மூட்டுவதும் ஆபத்து.

கடைசியாக, காசு. குப்பையைப் பிரிப்பது பெரும்பாலும் பெண்ணின் கைதான். தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு இது இன்னொரு சம்பளமில்லா வேலையாகிவிடக் கூடாது. இந்தியாவின் பூனே நகரில் தெருவில் குப்பை பொறுக்கிய பெண்கள் 1993இல் தொழிற்சங்கமாகச் சேர்ந்தார்கள். பின்பு அவர்களின் கூட்டுறவு, 2008இல் மாநகரசபையோடு ஒப்பந்தம் செய்தது. வீடு வீடாகப் பிரித்த குப்பையை எடுத்து, அதற்குக் கட்டணமும், விற்கும் பொருளுக்கு விலையும் பெறுகிறார்கள். தனியாகப் பொறுக்கியபோது ஏச்சு வாங்கிய அதே கைகள்தான், சங்கமாகியபின் அடையாள அட்டை வாங்கின.

எங்கள் மாதர் சங்கங்களாலும் இதைத் தொடங்க முடியும். பத்து வீடுகள் சேர்ந்து போத்தலையும் கடதாசியையும் ஓரிடத்தில் சேருங்கள். ஒருவர் தனியே கொடுக்கும் ஒரு பைக்கு வியாபாரி சொல்வதே விலை. பத்துப் பை ஒன்றாக இருந்தால் விலை பேசலாம். வந்த காசைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். பிரதேச சபைக்கோ நகரசபைக்கோ சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள். இந்த வாரம் வீட்டில் இரண்டாவது வாளி ஒன்றை வைத்தாலே தொடக்கம்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.