செத்த கேலக்ஸியா? யாரு சொன்னா?

"நீள்வட்ட கேலக்ஸின்னா கிழட்டு நட்சத்திரக் கூட்டம், வாயு கிடையாது, கதை முடிஞ்சது." இதையே இன்னும் எத்தனை புத்தகத்துல எழுதுவாங்க மக்கா? படிச்சுப் படிச்சு கடுப்பாயிடுச்சு, அதான் இந்தப் பதிவு.

1978ல ஐன்ஸ்டீன் எக்ஸ்ரே செயற்கைக்கோள் மேல போச்சு. (எக்ஸ்ரே காற்றுமண்டலம் தாண்டி கீழ வராது.) அது பார்த்ததை வச்சு 1985லயே கட்டுரை வந்தாச்சு. பிரகாசமான நீள்வட்ட கேலக்ஸிகளைச் சுத்தி ஏறக்குறைய ஒரு கோடி டிகிரி சூட்டுல வாயு! சிலதுல சூரியனைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல எடை. சாதாரணத் தொலைநோக்கியில தெரியலைன்னா இல்லைன்னு அடிச்சு விடுறதா?

வயசான நட்சத்திரங்க வாயுவை உதிர்த்துக்கிட்டே தான் இருக்கும். நொடிக்கு சில நூறு கிலோமீட்டர் வேகத்துல அது ஒண்ணோட ஒண்ணு மோதினா சூடேறாதா?

"அதெல்லாம் இரட்டை நட்சத்திரங்களோட எக்ஸ்ரே"ன்னு ஒரு கட்சி கிளம்பும். மங்கலான கேலக்ஸிக்குச் சரி. என்ஜிசி 4697ல வர்ற எக்ஸ்ரேயில பெரும்பகுதியைத் தனித்தனிப் புள்ளியா பிரிச்சு 2000ல காட்டினது சந்திரா (ஆமா, நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேரு வச்சது தான் :-)). ஆனா கன்னி கூட்டத்துல இருக்கிற எம்87 கிட்ட அந்தப் பருப்பு வேகாது. அங்க ஒளிர்றது வாயு.

அது ஆறினா புது நட்சத்திரம் பிறக்கணுமே? நடுவுல 650 கோடி சூரிய எடையில ஒரு கருந்துளை உக்காந்து, பீய்ச்சி அடிச்சு, ஆற விடாம வச்சிருக்கு. 2019ல வந்த அதோட படத்தைப் பெருசா போடுறீங்க, அடுத்த பத்தியிலயே "வாயு இல்லாத கேலக்ஸி"ன்னும் எழுதுறீங்களே சாமி?