கழித்துக்கட்டுவது ஒழுங்கு ஆகாது

பெங்களூரில் வீட்டை ஒழுங்குபடுத்துவது என்றாலே பொருள்களை வெளியே தள்ளுவது என்று ஆகிவிட்டது. ஆயுதபூஜைக்கு முந்தைய வாரம் ஏதாவதொரு அபார்ட்மெண்டின் தரைத்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். லிஃப்ட் பக்கத்தில் கட்டிவைத்த பைகள், உடைந்த சூட்கேஸ், மெத்தை, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். மேலே, காலியான அலமாரியைப் படமெடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், பாராட்டுகள் குவிகின்றன. ஒரு வருஷம் தொடாத பொருள் வேண்டாத பொருள், வேண்டாததை எறிந்தால் வீடும் லேசாகும் மனமும் லேசாகும் என்பதை நன்றாகப் படித்தவர்களே வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இதை முழுவதுமாக மறுக்கிறேன். எறிவதால் குப்பை குறைவதில்லை. நம் வீட்டுக் குப்பை இன்னொருவர் ஊருக்குப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர்களுக்குப் பெயர் உண்டு. எலஹங்கா பக்கம் மாவள்ளிபுரா. பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து பிரிந்து போனால் மண்டூர். மாநகரத்தின் குப்பை வருஷக்கணக்கில் அங்கே கொட்டிக் குவிக்கப்பட்டது. தண்ணீர் கெட்டுவிட்டது, நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்று ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் லாரிகளை மறித்தார்கள். 2012இல் மாவள்ளிபுராவின் கதவு மூடியதும் பெங்களூரின் தெருமுனைகளில் குப்பை மலையாக நின்றது. உலகப் பத்திரிகைகள்வரை அந்தச் செய்தி போனது. மண்டூர்க்காரர்கள் 2014இல் மறுபடி போராட்டத்தில் இறங்கிய பிறகுதான், அந்த டிசம்பரிலிருந்து அங்கே கொட்டமாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. அதன்பின் லாரிகள் மிட்டகானஹள்ளி, பெள்ளஹள்ளி என்று கல்குவாரிப் பள்ளங்களைத் தேடிப் போயின. இந்த நகரம் நாளொன்றுக்கு 4,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. அதில் ஒரு பங்கு, ‘வீட்டைச் சுத்தம் செய்தேன்’ என்ற திருப்தியோடு அனுப்பிவைக்கப்பட்டது.

‘உலர்கழிவு தனியாகத்தானே கொடுக்கிறோம், மறுசுழற்சிக்குப் போய்விடுமே’ என்பார்கள். ஈரக்கழிவையும் உலர்கழிவையும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் திட்டவட்டமாகச் சொன்னது. இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறை அப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது. நல்ல முறை. ஆனால் பைக்குள் போனதெல்லாம் மறுபிறவி எடுப்பதில்லை. எங்கள் வார்டு உலர்கழிவு மையத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பால் கவருக்கு விலை உண்டு. தண்ணீர் பாட்டிலுக்கு, அட்டைக்கு, அலுமினியத்துக்கு உண்டு. பண்டிகைக் காலத்து மூட்டையைப் பிரித்தால் வருபவை வேறு. ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூவை அந்தப் பெண் எடுத்துக் காட்டினார்: அடியில் ரப்பர், நடுவில் ஃபோம், மேலே நைலான் துணி, எல்லாம் பசை போட்டு ஒட்டியது. பிரிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அதேபோலப் பரிசுக் கோப்பைகள், தலையணை, தெர்மோகோல், லேமினேட் செய்த சான்றிதழ், கண்ணாடியோடு உடைந்த போட்டோ ஃபிரேம். “பூஜை வந்தா மூட்டை ரெட்டிப்பாயிடும்க்கா. விலை போற சரக்கு அதுல கொஞ்சந்தான்” என்றார். கண்ணாடித் துண்டு கிழித்த விரலில் துணி சுற்றியிருந்தது.

இந்தத் தொழிலாளர்களை மதிப்பதில் பெங்களூர் முன்னால் நின்ற நகரம். ‘ஹசிரு தளா’ போன்ற அமைப்புகளின் முயற்சியால் 2011இல் குப்பை பொறுக்குவோருக்கு மாநகராட்சியே அடையாள அட்டை கொடுத்தது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே அவர்கள் மடியில் விலைபோகாத பொருளைக் கொட்டுவது நியாயமா?

அடுத்தது தானம். வீட்டு வேலைக்கு வருபவரிடம் ஒரு மூட்டையைக் கொடுத்து, ‘உனக்கு உபயோகப்படும்மா’ என்று சொல்லிவிட்டால் மனசாட்சிக்கு வேலை முடிந்தது. ஜிப் போன பேன்ட், கறை பிடித்த குர்தி, ஒரு கை இல்லாத பொம்மை. வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியாது, வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறையில் குடியிருப்பவரிடம் மூன்று படுக்கையறை வீட்டின் நெரிசலைக் கொடுத்தனுப்புவதைத் தானம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல நிலையில் உள்ளதை, துவைத்து, தைத்து, கேட்டுக் கொடுப்பதுதான் தானம்.

நம் பாட்டிமார் வீட்டில் துணி எப்படி முடிந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். பருத்திச் சேலை பழசானால் குழந்தைக்குத் தூளி. தூளி நைந்தால் இட்லித்துணி, பிடிதுணி, கடைசியில் கரித்துணி. இன்று மலிவாக வாங்கிக் குவிக்கும் பாலியஸ்டர் துணியால் தரையைத் துடைத்தால் தண்ணீர்கூட ஒட்டாது. கந்தலாவதற்குக்கூட லாயக்கில்லாத துணியை வாங்கியபோதே அது குப்பையாகிவிட்டது. அலமாரியில் சில மாதம் தங்கிப் போனது, அவ்வளவே.

இதில்தான் எறிந்தால் போதும் என்ற நம்பிக்கையின் பெரிய ஓட்டை இருக்கிறது. வெளியேறும் வழியைப் பற்றியே பேசுகிறது, உள்ளே வரும் வழியைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஃபிளிப்கார்ட் 2007இல் தொடங்கியது இந்த ஊரில்தான். 2014 அக்டோபரில் அது நடத்திய ‘பிக் பில்லியன் டே’க்குப் பிறகு பண்டிகைத் தள்ளுபடி விற்பனை என்பது தேசிய வழக்கமாகவே ஆகிவிட்டது. இப்போது பத்து நிமிஷத்தில் பொருள் வாசலுக்கு வருகிறது. காலண்டரைப் பாருங்கள்: வீட்டை ஒழிக்கும் வாரமும் தள்ளுபடி வாரமும் ஏறக்குறைய ஒன்று. காலி செய்த அலமாரி அடுத்த பார்சலுக்கு இடம் தயார் செய்து வைக்கிறது. வருஷா வருஷம் ஒழிக்க வேண்டியிருப்பதே ஒழிப்பது பலிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

ஜப்பானைக் காட்டுவார்கள். வீட்டை அடுக்குவது பற்றி மரியே கோண்டோ எழுதிய புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வந்து, 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகி நம் வீடுகளுக்குள் நுழைந்தது. பொருளைக் கையிலெடுத்து, மகிழ்ச்சி தராவிட்டால் நன்றி சொல்லி விடைகொடு என்கிறார். ஆனால் அந்த நாட்டில் பெரிய பொருளை எறிய நகராட்சிக்குப் பணம் கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் நான்கையும் கழிப்பதற்கு உரிமையாளரே கட்டணம் கொடுக்க வேண்டும் என்று 2001 முதல் சட்டம் இருக்கிறது. அங்கே எறிவதற்கு விலை உண்டு. நாம் எறிவதை மட்டும் எடுத்துக்கொண்டோம், விலையை மண்டூர் தலையில் கட்டினோம். கோண்டோவே மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, வீட்டை அடுக்குவதில் பழைய கண்டிப்பைத் தளர்த்திவிட்டதாக 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

‘ஒரு வருஷம் தொடாவிட்டால்’ என்ற கணக்குக்கு வருவோம். மல்லேஸ்வரத்திலும் அல்சூரிலும் கொலு வைக்கும் வீடுகளில் பொம்மைகள் பதினோரு மாதத்துக்கு மேல் பரணில்தான் இருக்கும். முறுக்கு அச்சு தீபாவளிக்கு இறங்கும். பெரிய அண்டா கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ இறங்கும். காகிதமும் அப்படியே. 2024இல் பெங்களூரில் சொத்துப் பதிவுக்கு இ-காத்தா என்ற மின்னணுச் சொத்துச் சான்று கட்டாயமானபோது விற்பனைப் பத்திரம், வரி ரசீது என்று எத்தனை குடும்பங்கள் பீரோவைக் குடைந்தன! ரசீதுகளை டிரங்குப் பெட்டியில் வருஷ வாரியாகக் கட்டிவைத்த அப்பாக்கள் அன்று குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

இன்னும் பெரிய உதாரணம் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருக்கிறது. ரோஜா முத்தையா என்ற ஓவியர் பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டு விளம்பரம் என்று மற்றவர் கசக்கி எறிந்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அச்சில் வந்த தமிழைப் பற்றி ஆராய்பவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். எதிர்ப்பக்கம், உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழசைக் கழிப்பதைப் புண்ணியம் என்று நம்பித்தான் செய்தார்கள். என்னென்ன நூல்கள் போயின என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்குள் இந்த நம்பிக்கை செய்யும் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வயதான பெற்றோரை ஒயிட்ஃபீல்டு ஃபிளாட்டுக்கு அழைத்துவருகிறோம். ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவருவது ஒரு பெட்டி. முதல் ‘ஒழிப்பில்’ கண் படுவது அந்தப் பெட்டியில்தான். கேட்காமலேயே எறிகிறவர்கள் உண்டு. ஒரு பெரியவரின் பொருளை அவர் சம்மதமில்லாமல் எறிவது திருட்டு. அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைக்கக் கூடாது.

அடைசலை நான் ஆதரிக்கவில்லை. பழைய டயரிலும் உடைந்த வாளியிலும் தேங்கும் நீரில்தான் டெங்கு கொசு வளர்கிறது. 2024இல் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாகவே அறிவித்தது. அதையெல்லாம் இன்றே அகற்றுங்கள். ஆனால் ஒழுங்கு என்பது இருப்பதற்கு ஓர் இடம் வைப்பது, எடுத்தால் அங்கேயே திருப்பி வைப்பது, வாங்குமுன் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது, கெட்டால் சரிசெய்வது. இந்த ஊரில் 2015 முதல் ‘ரிப்பேர் கஃபே’ நடத்துகிறார்கள். உடைந்த மிக்ஸியையும் கிழிந்த பையையும் கொண்டுபோய், தெரிந்தவர்களோடு உட்கார்ந்து சரிசெய்யலாம். வீட்டில் ஆண்களும் இந்த வேலையில் பங்கெடுக்க வேண்டும். வாங்குவது எல்லோரும், அடுக்குவது ஒரு பெண் என்றிருக்கும் வீட்டில் எந்த முறையும் எடுபடாது.

இந்த ஆண்டு பையைக் கட்டுவதற்கு முன், உங்கள் வார்டின் உலர்கழிவு மையம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து ஒருமுறை நேரில் போய்வாருங்கள். நீங்கள் போன வாரம் கொடுத்த பை அங்கே யாரோ ஒருவர் கையில் பிரிந்துகொண்டிருக்கும். அதில் எதற்கு விலை, எது பள்ளத்துக்குப் போகிறது என்று அவரையே கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து தள்ளுபடி விளம்பரத்தைத் திறங்கள்.