ஒன்பதாவது கட்டம்

சாமி அறையில் இருந்த வெள்ளி விளக்கைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், அதிலிருந்த எண்ணெயை ஒரு டம்ளரில் ஊற்றி, சொட்டுக்கூடச் சிந்தாமல் சுவரோரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பீரோவிலிருந்து 11 பவுன் போனதை என் மனைவி எப்படியோ தாங்கிக்கொண்டாள். அந்த டம்ளரைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. “அவசரமே இல்லாம நின்னு ஊத்தியிருக்கான் பாருங்க” என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கல்வராயன் மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் 12 வருஷம் வேலை பார்த்துவிட்டு, கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியில் கச்சிராயப்பாளையம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வீடு கட்டிக்கொண்டவன். திருட்டுப் போன செய்தியைச் சொன்னதும் சென்னை நண்பர் ஒருவர், “ஊர் பேருலயே இருக்கேய்யா” என்று சிரித்தார். ஊர்க்காரர்கள் ‘கல்லை’ என்று சுருக்கி எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருக்காது.

சேலத்தில் மகள் வீட்டுக்கு இரண்டு ராத்திரிக்குப் போயிருந்தோம். கொல்லைக் கதவை நெம்பியிருந்தார்கள். நெம்பிய கடப்பாரை எங்களுடையதுதான். தென்னை மரத்தடியில் நான் சாத்தி வைத்திருந்தது. பீரோ சாவி பீரோ தலைமேலேயே இருந்தது. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அது அங்கேதான் இருக்கும் என்பது நமக்குத் தெரிகிற மாதிரி அவர்களுக்கும் தெரியாதா? வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன், ஆள் இருப்பதாக நினைக்கட்டும் என்று. இரண்டு நாள் பட்டப்பகலிலும் அது எரிந்திருக்கிறது. ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று போர்டு எழுதி மாட்டியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று போலீஸார் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பேப்பரில் நானும் படித்திருக்கிறேன். சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது தெருவே உள்ளே இருந்தது. பீரோவைத் திறந்து பார்த்தார்கள், கதவைத் தடவிப் பார்த்தார்கள். என் மனைவி கலைந்து கிடந்த புடவைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். கை சும்மா இருந்தால் அழுகை வரும் என்றாள். சாயங்காலம் கைரேகைக்காரர் வந்து பொடி தூவிப் பார்த்துவிட்டு, “எல்லார் ரேகையும் இருக்கு சார், அவன் ரேகையத் தவிர” என்றார். அதனால் முதல் வேலை, வாசலிலேயே நின்று 100-க்கோ 112-க்கோ போன் போடுவது. அழுவதைக்கூட வெளியே நின்றே அழலாம்.

ஸ்டேஷனில் இரண்டு கேள்வி கேட்டார்கள். என்னென்ன போனது? யார் மேல் சந்தேகம்?

முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் மனைவியின் அட்டிகையை 30 வருஷமாக அவள் கழுத்தில் பார்த்திருக்கிறேன். “எத்தனை கல்லு சார்? பதக்கம் என்ன டிசைன்?” என்றார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கல் எண்ணிக்கை தெரியவில்லை. ரசீது இல்லை, பாதி நகை மாமியார் வீட்டில் போட்டது, மீதி அழித்து அழித்துச் செய்தது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் வாய் திறந்தது. “வேலைக்கு ஒரு அம்மா வரும். மலைக்காரங்க. சாவி எங்க இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்...” என்று இழுத்தேன். ‘ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று அடுத்து சொல்ல இருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் எழுதிவிட்டார்கள்.

அவர் என்னிடம் படித்த ஒரு பையனின் தாய். கரியாலூர்ப் பக்கத்துக் கிராமம். மகனோடு கீழே வாடகைக்கு இருந்துகொண்டு எங்கள் வீட்டிலும் இன்னும் இரண்டு வீட்டிலும் வேலை பார்த்தவர். இரண்டு நாள், காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை என்று எனக்குச் சமாதானம் சொன்னார்கள். ஒரு பெண்ணை விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, அவர் இருக்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 179-வது பிரிவாகத் தொடர்கிறது. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட பையன்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத் திறனாளிகள் என்று பட்டியலே உண்டு. எனக்குத் தெரிந்திருந்தால் போய்க் கேட்டிருப்பேனா? தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. அதை மறைத்து இதை எழுதிப் பயனில்லை.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தேன். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தந்தாக வேண்டும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டினால் அதோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் படிவத்தில் ஏழாவது கட்டம், தெரிந்த, சந்தேகத்துக்குரிய அல்லது அடையாளம் தெரியாத எதிரியின் விவரம். ஒன்பதாவது கட்டம், களவு போன பொருள்களின் விவரம். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம் என்றுகூடக் குறிப்பு இருக்கிறது. நான் ஏழாவதற்குச் சரக்குக் கொடுத்துவிட்டு ஒன்பதாவதைக் காலியாக விட்டவன். ‘தங்க நகைகள் சுமார் 11 பவுன்’ என்று ஒரே வரி.

ஏழாவது கட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டமே சாட்சி. 1993-ல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் போலீஸார் ஒரு வீட்டில் நகை திருடு போனதற்காக முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். உயிரோடு திரும்பவில்லை. மனைவி பார்வதி நடத்திய வழக்கில் 2006-ல்தான் காவலர்களுக்குத் தண்டனை என்பது முடிவானது. இந்த வழக்கை வைத்து வந்த ‘ஜெய் பீம்’ படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில், காரில் வைத்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். காவலாளி அஜித்குமார் விசாரணையிலேயே செத்துப்போனார். அவர் உடம்பில் 40-க்கு மேற்பட்ட காயங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் எப்படி விசாரித்தீர்கள் என்று உயர் நீதிமன்றம் கேட்டது. இரண்டு சம்பவத்துக்கும் இடையில் 32 வருஷம். இரண்டுமே ஒரு நகைப் புகாரில் ஆரம்பித்தவை.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் அஜீஸ் நகரைத் தாண்டிப் பஸ்ஸில் போகிறவர்கள் பலருக்கு அது எதற்காக உண்டான ஊர் என்று தெரியாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிறந்த சாதிக்காகவே மனிதர்களைக் கொண்டுவந்து அடைத்துக் கணக்கெடுத்த குடியிருப்பு அது. சென்னை மாகாணம் 1947-லேயே அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. ஆனாலும் கல்வராயன் மலையிலிருந்து கையில் கேனோடு ஒருவர் இறங்கினால் நம் கண் உடனே அந்தக் கேனுக்குப் போகிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு அது இன்னும் மோசம். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை. அங்கே பிழைப்பு இல்லாமல்தான் குடகுக்கு மிளகு பறிக்கவும், கீழ்நாட்டுக்குக் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போகிறார்கள். அவர்களுடைய வீடும் மாதக்கணக்கில் பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே களவு போனால் யார் மேல் சந்தேகம் என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்பதாவது கட்டத்தின் அருமையை எனக்குக் காட்டியது இதே மாவட்டத்தில் நடந்த வேறொரு களவு. புதிய கலெக்டர் அலுவலகத்துக்கு இடம் எடுத்தார்களே, அந்த வீரசோழபுரம். அங்குள்ள சிவன் கோயிலின் செப்புத் திருமேனிகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே போய்விட்டன. போனது யாருக்கும் உறைக்கவில்லை. ஆனால் 1956-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் அந்தக் கோயிலுக்கு வந்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். நிறுவனம் தொடங்கியே அப்போது ஒரு வருஷம்தான். அந்தப் படங்களை வைத்துத்தான் 2022-ல் நம் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, ஆறு சிலைகள் அமெரிக்காவில் இருப்பதாகக் கண்டுபிடித்தது. அதில் சுந்தரரும் பரவை நாச்சியாரும் இருக்கும் சிலையைத் திருப்பித் தருவதாக வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2026 தொடக்கத்தில் அறிவித்தது. எந்தச் சந்தேக நபரையும் பெஞ்சில் உட்கார வைத்து அந்தச் சிலையைக் கண்டுபிடிக்கவில்லை. 70 வருஷத்துக்கு முந்தைய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதுமானதாக இருந்தது.

எங்கள் அட்டிகை திரும்பியதும் அப்படித்தான். ஏழு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் வாகனச் சோதனையில் மூன்று பேர் சிக்கினார்கள். எங்கள் தெருவையும் சொன்னார்கள். மூவரில் ஒருவரும் மலைக்காரர் இல்லை. நாங்கள் பார்த்த முகமும் இல்லை. பெரும்பாலானதை உருக்கிவிட்டார்கள். ஒரு அடகுக் கடையில் ஒரு அட்டிகை மட்டும் இருந்தது. மகள் கல்யாண ஆல்பத்தில் அவள் அம்மா குனிந்து தாம்பூலம் கொடுக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பதக்கத்தில் விழுந்த ஒரு சிவப்புக் கல்லுக்குப் பதிலாக ஆசாரி கொஞ்சம் வெளிறிய கல்லை வைத்திருந்தார். அந்தக் கல்தான் சாட்சி. ஆசாரி மேல் என் மனைவி 20 வருஷமாக வைத்திருந்த கோபம் அன்றைக்குத் தீர்ந்தது.

இப்போது வீட்டு நகை ஒவ்வொன்றையும் முன்புறம், பின்புறம், கொக்கி என்று மூன்று படம் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. 2023 ஏப்ரலுக்குப் பிறகு கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து, எண் கலந்த ஒரு குறியீடு இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதையும் எழுதி வையுங்கள். படங்களின் ஒரு பிரதி மகளிடம் இருக்கிறது. போனும் சேர்ந்து களவு போகலாம் அல்லவா? நகை லாக்கரில் இருந்தாலும் இது வேண்டும். லாக்கரில் திருட்டோ தீ விபத்தோ நடந்தால் பேங்க் தரவேண்டிய இழப்பீட்டுக்கு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு என்று ரிசர்வ் பேங்க் எல்லை வைத்திருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பிடிபட்ட நகை கோர்ட்டில் வருஷக்கணக்கில் தூங்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: புதிய சட்டத்தின் 497-வது பிரிவு, கோர்ட் 14 நாளில் அதைப் படம் பிடித்துப் பதிய வேண்டும், அடுத்த 30 நாளில் ஒப்படைப்பு பற்றி உத்தரவிட வேண்டும் என்கிறது. வழக்கு எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் நமக்குச் சொல்லவும் போலீஸ் கடமைப்பட்டிருக்கிறது. கேளுங்கள்.

கொல்லைக் கதவுக்கு இரும்புக் கிரில் போட்டாயிற்று. கடப்பாரை வீட்டுக்குள் வந்துவிட்டது. கேமரா வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். பதிவுப் பெட்டியைக் கையோடு கழற்றிக்கொண்டு போகிற காலம் என்பதால் அதைப் பரணில் ஒளித்திருக்கிறேன். இதையெல்லாம்விட என் மனைவிக்குத் தூக்கம் வந்தது எதிர்வீட்டு அம்மாவால். பத்து நாள் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் படுத்தார். இப்போது நாங்கள் ஊருக்குப் போனால் சாவி அவரிடம். சாயங்காலம் விளக்குப் போட்டுக் காலையில் அணைக்கிறார், பால் பாக்கெட்டை எடுத்து வைக்கிறார். அவர் போனால் அவர் வீட்டுக்கு நாங்கள்.

அட்டிகை வந்த வாரம் வெள்ளிமலை பஸ் பிடித்து மலைக்குப் போனேன். அந்த அம்மா கீழே குடியிருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு ஊரோடு போய்விட்டிருந்தார். திண்ணையில் உட்கார வைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். திருடர்கள் பிடிபட்டதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். “நீங்க வந்தது சந்தோசம் சார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த பெஞ்சுல ஒக்காந்திருந்தப்ப எங்க ஊரு ஆளுங்க நாலு பேரு பாத்துட்டாங்க சார். புடிச்சது வேற ஆளுன்னு அவங்ககிட்ட யாரு சொல்றது?” என்றார். அந்த நாலு பேர் வீட்டுக்கும் நடந்து போய் நானே சொன்னேன். ஒருவர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி உங்கள் வீட்டு நகைகளைப் படம் எடுத்துவிடுங்கள். எப்போதாவது ஸ்டேஷனில் போய் நிற்க நேர்ந்தால் ஒன்பதாவது கட்டத்துக்கு அந்தத் தனித்தாளைக் கொடுங்கள். ஏழாவது கட்டத்தில், கண்ணால் பார்த்திருந்தால் தவிர, ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.